டெல்லியில் வளரும் சிறுவன் உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் ஆட முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தாய். 2013 நவம்பரில் பிறந்த அவருடைய மகன் ஆறு ஆண்டுகளாகச் சக்கர ஸ்கேட் பழகுகிறான். அதில் மூன்று ஆண்டுகளாக இன்லைன் ஹாக்கி, அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த ஸ்கேட்டில் ஆடும் ஹாக்கி, ஆடுகிறான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 2025 டிசம்பர் கடைசியில் தொடங்கிய இருபது வயதுக்குட்பட்டோர் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியின் காணொளிகளைப் பார்த்த நாளிலிருந்து, ‘இதில் இந்தியாவுக்காக ஆடுவேன்’ என்று வீட்டில் ஒரே பிடிவாதமாம். இந்தியா ஏன் அங்கே இல்லை, எந்தக் கோச்சிடம் சேர்க்க வேண்டும், டொராண்டோவில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில், ஒன்பது வயது மகளும் அண்ணனோடு ஸ்கேட் கட்டிக்கொண்டு வருகிறாள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். மூன்றாக எழுதியிருந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த ஆசைக்காகப் பணத்தையும் பிள்ளையின் பள்ளி ஆண்டுகளையும் செலவிடலாமா, அல்லது அவன் மனம் நோகாதபடி இப்போதே வேறு பக்கம் திருப்பிவிடலாமா?

நான் கரோல் பாக்கில் பிறந்து டெல்லியிலேயே வளர்ந்தவன். பகலில் வங்கி வேலை, காலையிலும் மாலையிலும் ஸ்கேட்டிங் தளம் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்லைன் ஹாக்கி கற்றுக்கொடுக்கிறேன், நடுவராகவும் நிற்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏழு குளிர்காலங்கள் லடாக்கின் லே நகரத்துக்குப் போயிருக்கிறேன். கனடாவில் நான் பயிற்சி கொடுத்ததில்லை. அந்த நாட்டைப் பற்றி இங்கே எழுதுவது, அங்கே குடியேறிய பழைய மாணவர்களின் பெற்றோர் வழியாகவும் வாசிப்பின் வழியாகவும் தெரிந்துகொண்டது. உங்கள் மகன் ஸ்கேட் செய்வதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே போட்டியைப் பற்றியும் ஐஸைப் பற்றியும் நான் உறுதியாகச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பையனைப் பற்றிச் சொல்வதைப் பொதுவான அனுபவமாக மட்டும் கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியதே, பிறகு ஏன் இல்லை என்கிறார்கள்?’ என்று சென்ற மாதம் ஒரு மாணவனின் தாத்தா என்னிடம் கேட்டார். அவர் சொன்னது 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் சென்னையிலும் மதுரையிலும் நடந்த, புல்தரை ஹாக்கியின் ஜூனியர் உலகக் கோப்பை. அது வேறு விளையாட்டு, வேறு சம்மேளனம். நமக்கு ஹாக்கி என்றால் தயான்சந்த். வட அமெரிக்காவில் ஹாக்கி என்று மட்டும் சொன்னால் ஐஸ்தான், மைதானத்தில் ஆடுவதற்குத்தான் அங்கே அடைமொழி வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் பார்த்தது சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் 1977 முதல் அதிகாரபூர்வமாக நடத்திவரும் உலக ஜூனியர் போட்டி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். முதல் வரிசையில் பத்து நாடுகள் ஐந்தைந்தாக இரு பிரிவுகளில் மோதும். பிரிவுக்கு நான்கு அணிகள் காலிறுதிக்குப் போகும். அடியில் நிற்கும் இரண்டும் தங்களுக்குள் மோதி, தோற்றது கீழ் டிவிஷனுக்கு இறங்கும். கனடா 2023 வரை இருபது முறை தங்கம் வென்றிருக்கிறது. அமெரிக்கா 2024, 2025 என்று அடுத்தடுத்து வென்றது. இதைத் தவிர, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1999 முதல் ஏப்ரலில் ஒரு உலகப் போட்டி நடக்கிறது. ஆனால் அந்த மாதத்தில் கனடாவின் ஜூனியர் லீக்குகளில் பிளே ஆஃப் ஆட்டங்கள் நடப்பதால், அங்குள்ள நல்ல ஆட்டக்காரர்கள் பலரால் அதற்கு வர முடிவதில்லை. இருபது வயதுப் போட்டிக்கு இருக்கும் மவுசு அதற்கு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மவுசு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். கேள்விக்கு நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும் உங்கள் மகனுக்குப் பிடிக்கும். 1987 ஜனவரி 4 அன்று, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி என்ற ஊரில் கனடாவும் சோவியத் யூனியனும் மோதின. கனடா 4–2 என்று முன்னிலையில் இருந்தபோது இரண்டு அணிகளின் பெஞ்சுகளும் காலியாகி, எல்லோரும் ஐஸில் இறங்கி அடிதடியில் ஈடுபட்டார்கள். நடுவர்களால் விலக்க முடியாததால் அரங்கின் விளக்குகளையே அணைத்தார்கள். இருட்டிலும் சண்டை நிற்கவில்லை. இரண்டு அணிகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. தங்கம் பின்லாந்துக்குப் போனது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களின் ஆட்டம் ஒரு தேசத்தின் மானப் பிரச்சினையாக ஆகிவிடும் இடம் அது.

இப்போது இந்தியா ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன பத்து நாடுகள் ஓர் ஏணியின் உச்சிப் படிதான். அதன் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று படிகள் இறங்குகின்றன. டிவிஷன்களுக்குள் ஏ, பி என்று உட்பிரிவுகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இந்த ஏணியில் நிற்கின்றன. ஒவ்வோர் உட்பிரிவிலும் முதலாவதாக வரும் நாடு அடுத்த ஆண்டு ஒரு படி ஏறும், கடைசியில் வரும் நாடு ஒரு படி இறங்கும். இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினராக இருக்கிறது, ஆனால் இருபது வயதுப் போட்டியின் எந்தப் படியிலும் இதுவரை ஆடியதில்லை. நம் ஆண்கள் அணி 2009 முதல் ஆடிவருவது ஆசிய நாடுகளுக்கான தனிப் போட்டிகளில்.

இந்த ஏணியில் ஒரு கணக்கு இருக்கிறது; பெரும்பாலான பெற்றோர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. நாளைக்கே இந்தியா அடிப்படியில் காலெடுத்து வைக்கிறது, ஓராண்டுகூடச் சறுக்காமல் ஒவ்வோர் ஆண்டும் முதலாவதாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் உச்சிப் படியைத் தொட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆனால் ஓர் ஆட்டக்காரன் இந்தப் போட்டியில் இருக்கக்கூடிய காலம் மிகக் குறுகியது: பதினைந்து, பதினாறு வயதில் அணிக்குள் வருவதே அபூர்வம், போட்டி முடியும் ஆண்டில் இருபதைத் தொடுபவர்தான் மூத்தவர். ஆக, அடிப்படியில் தங்கம் வாங்கித் தந்த பையன் உச்சிப் படியில் ஆடவே முடியாது. அவன் ஏற்றிவிட்ட அணி மேலே போகும்போது அவனுக்கு வயது கடந்திருக்கும். தென்னை வைப்பவர் ஒருவர், இளநீர் குடிப்பவர் வேறொருவர் என்பது இந்தப் போட்டியின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உச்சிக்கு ஏறிவிட்டால் மட்டும் போதுமா என்றால், 1993 ஆம் ஆண்டின் ஜப்பானைப் பார்க்க வேண்டும். ஜப்பான் இந்த விஷயத்தில் ஏழை நாடு அல்ல. ஹொக்கைடோவில் உறைபனியும் உள்ளரங்கத் தளங்களும் உண்டு. 1972 இல் சப்போரோ நகரம் குளிர்கால ஒலிம்பிக்கையே நடத்தியிருக்கிறது. அந்த நாட்டின் ஜூனியர் அணி சுவீடனில் நடந்த 1993 உலகப் போட்டியின் முதல் வரிசைக்கு ஏறி வந்தது. ஏழு ஆட்டங்கள், ஏழும் தோல்வி. அடித்தது 9 கோல், வாங்கியது 83. சுவீடனிடம் 20–1. அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் பீட்டர் போர்ஸ்பெர்க் என்ற சுவீடன் இளைஞர் பத்து கோல்களில் பங்கு பெற்றார். அந்தப் போட்டி முழுவதிலும் அவர் சேர்த்த 31 புள்ளிகள் (கோல் அடித்தாலும், கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி) இன்றும் சாதனையாக நிற்கின்றன. நான் இந்தக் கதையை என் மாணவர்களிடம் சொல்லும்போது சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அந்த ஜப்பானிய கோல்கீப்பர் பையன் எண்பத்து மூன்றாவது முறை வலைக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எடுக்கப்படுவதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பான் என்று அவ்வப்போது தோன்றும். உச்சிப் படியில் இருப்பவர்களும் நம்மைப் போல ஹாக்கி ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தயார் செய்யக் கூடாது.

இடைவெளிக்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. ஐஸ் கிடைக்கும் மணிநேரம்தான் காரணம். ஐஸ் ஹாக்கித் தளம் 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் அகலமும் கொண்டது. கான்கிரீட்டுக்குள் புதைத்த குழாய்களில் குளிரூட்டிய திரவத்தை ஓடவிட்டு, மேலே சில சென்டிமீட்டர் தடிமனுக்கு ஐஸை உருவாக்கி, அதன் மேற்பரப்பைப் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி அளவில் இரவும் பகலும் வைத்திருக்க வேண்டும். வெளியே மே மாத டெல்லி 45 டிகிரியில் காயும்போது இதைச் செய்வதற்கு ஆகும் மின்கட்டணத்தை யோசித்துப் பாருங்கள். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக ஹிமாத்ரி என்ற முழு அளவுத் தளத்தைக் கட்டினார்கள். 2012 இல் ஆசிய சவால் கோப்பையின் ஒரு பிரிவும் அங்கே நடந்தது. அதன் பிறகு அது ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்து 2025 இல்தான் மறுபடி உயிர் பெற்றது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டார்கள்.

நமக்கு அருகில் இருப்பது குருகிராமில் ஒரு மாலுக்குள் இருக்கும் தளம். இந்திய மகளிர் அணியே அங்கே பயிற்சி எடுத்திருக்கிறது. பொது நேரத்தில் போனால் பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், பாட்டு அலறும். மட்டையும் வட்டும் எடுக்க அனுமதி கிடைப்பது பெரும்பாலும் மால் திறப்பதற்கு முன் காலையிலோ, கடைகள் அடைத்த பிறகோதான். மயூர் விஹாரிலிருந்து விடியற்காலையில் காரை எடுத்து, ஒரு மணி நேர ஐஸுக்காக இரண்டு மணி நேரம் சாலையில் இருப்பீர்கள். கனடாவில் நன்றாக ஆடும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் பருவகாலத்தில் வாரத்துக்கு நான்கைந்து நாள் ஐஸில் இருக்கிறான், நான்கைந்து வயதிலிருந்தே இருக்கிறான். இங்கே என் மாணவர்களில் மிக அதிகமாக ஐஸ் பார்த்தவன், ஓராண்டு முழுவதும் சேர்த்து நாற்பது மணிநேரம் பார்த்திருப்பான்.

லே நிலவரம் வேறு. 3,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, இரவில் தண்ணீர் பாய்ச்சினால் காலையில் தளம் தயார். அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியிலேயே ஸ்கேட் செய்து வளர்கிறார்கள். முந்தைய தலைமுறையினர் ராணுவ பூட்ஸில் பிளேடைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்கள். இந்தியாவின் ஆண்கள் அணியிலும் மகளிர் அணியிலும் லடாக்கியர் பெரும்பான்மையாக இருப்பது இதனால்தான். நான் முதன்முறை நான்கு பையன்களை அங்கே அழைத்துச் சென்றபோது, இரண்டு நாள் ஓய்வெடுத்து உயரத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருவன் மட்டும் முதல் நாள் மாலையே யாருக்கும் தெரியாமல் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான். மூன்றே சுற்று, ஓரத்துப் பனிக்குவியலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். அவனைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அவனில் பாதி உயரம் இருந்த ஓர் உள்ளூர்ச் சிறுமி. அவள் துடைப்பத்தால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவள். அவனை உட்கார வைத்துவிட்டு மீண்டும் துடைப்பத்தோடு போய்விட்டாள். அன்றிரவு அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ‘சார், அந்தப் பொண்ணும் டீம்ல இருக்காளா?’ என்பது. இருந்தாள்.

சக்கரத்திலிருந்து ஐஸுக்கு மாறுவதைப் பற்றி நான் எல்லோரைவிடவும் சற்று அதிகம் பேசலாம், ஏனென்றால் அதுதான் என் தொழில். உங்கள் மகனின் ஆறு ஆண்டுகள் வீண் இல்லை. சமநிலை, குனிந்த முழங்கால், குறுக்கடி வைத்துத் திரும்புவது, தலை நிமிர்ந்தபடி மட்டையை ஓட்டுவது எல்லாம் அப்படியே வரும். வராதது நிற்பது. இன்லைனில் ஒரு காலைக் குறுக்கே வைத்துச் சக்கரத்தை இழுத்து நிறுத்திப் பழகியிருப்பான். ஐஸில் இரண்டு பிளேடுகளையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்பி, எடையை நொடி நேரம் மேலே தூக்கி, பிறகு அழுத்தி, ஐஸைச் சீவியபடி நிற்க வேண்டும். பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது; நடுவில் பள்ளமும் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்மைகளும் இருக்கும். எந்த விளிம்பில் நிற்கிறோம் என்பதைக் கால் உணரும் வரை, சக்கரத்தில் புலியாக இருந்தவன் ஐஸில் பூனைக்குட்டி. முதல் நாள் நேராகப் போய்ப் பக்கத்துப் பலகையில் மோதி நிற்பான். பத்து, பதினைந்து மணிநேரத்தில் சரியாகிவிடும்.

விதிகளிலும் மாற்றம் உண்டு. இன்லைனில் கோல்கீப்பரைத் தவிர நான்கு பேர், ஆஃப்சைடு கிடையாது, உடலால் மோதக் கூடாது. ஐஸில் ஐந்து பேர், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை வட்டுக்கு முன்பே கடந்தால் ஆஃப்சைடு, ஆண்கள் ஆட்டத்தில் உடல் மோதல் ஆட்டத்தின் பகுதி. கனடாவில் 2013 முதல் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிரிவுகளில் உடல் மோதலைத் தடை செய்துவிட்டார்கள். அடுத்த பிரிவிலிருந்து அது தொடங்கும். அதாவது உங்கள் மகனின் வயதில்தான் அங்குள்ள பிள்ளைகள் மோதலை எதிர்கொள்ளக் கற்கத் தொடங்குகிறார்கள். இங்கே அதை முறையாகக் கற்றுத் தர ஆள் குறைவு. என்னாலும் முடியாது, நான் வளர்ந்த விளையாட்டில் அது இல்லை. கழுத்துக் காப்பு பற்றி மட்டும் தயங்காமல் சொல்வேன். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தின் நடுவில் ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு இறந்தார். ஜூனியர் போட்டிகளில் முன்பே கட்டாயமாக இருந்த கழுத்துக் காப்பை அதன் பிறகு சர்வதேச சம்மேளனம் பெரியவர்களுக்கும் கட்டாயமாக்கியது. குளிர்கிறதே என்று மப்ளரைச் சுற்றிவிட்டு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். மப்ளர் காப்பு ஆகாது.

பிறந்த மாதத்தை நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. இந்தப் போட்டிகளில் வயது பள்ளி ஆண்டுக் கணக்கில் இல்லை, காலண்டர் ஆண்டுக் கணக்கில் பார்க்கப்படுகிறது. 2013 இல் பிறந்த எல்லோரும் ஒரே தட்டு. அந்தத் தட்டுக்குக் கடைசியாகக் கிடைக்கும் பதினெட்டு வயதுப் போட்டி 2031 ஏப்ரலிலும், இருபது வயதுப் போட்டி 2032 டிசம்பரில் தொடங்கி 2033 ஜனவரியிலும் வரும். 2013 ஜனவரியில் பிறந்தவன் உங்கள் மகனைவிடப் பத்து மாதம் மூத்தவன்; பன்னிரண்டு வயதில் அது ஒரு சாண் உயரமும் ஐந்தாறு கிலோ எடையுமாக இருக்கலாம். தேர்வாளர் கண்ணுக்கு அவன்தான் கெட்டிக்காரனாகத் தெரிவான். அவனுக்கே நல்ல கோச்சும் கூடுதல் ஐஸும் கிடைக்கும். அடுத்த ஆண்டு அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிடுவான். கனடாவின் ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டிவருகிறார்கள். நவம்பர்ப் பையனை இப்போதே ‘சுமார்’ என்று யாராவது ஒதுக்கினால் நம்ப வேண்டாம். பதினாறில் பார்க்கலாம்.

டொராண்டோ யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அங்கே சிறுவர் ஹாக்கியில் எந்தச் சங்கத்தில் ஆடலாம் என்பது பெரும்பாலும் பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருந்துவந்திருக்கிறது; பெரியப்பா வீட்டு முகவரி அதற்கு உதவுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன் அந்தச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பையனின் ஆசை ‘இந்தியாவுக்காக’ என்பது. உலகப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். நம் நாடு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. கனடாக் குடிமகனாகிவிட்டால் இந்திய பாஸ்போர்ட் போய்விடும்; வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ அட்டை குடியுரிமை ஆகாது. குடும்பத்தோடு குடியேறுவது வேறு கதை. நம் பஞ்சாபி அண்டை வீட்டாரின் உறவினர்கள் அப்படித்தான் போனார்கள்: இந்தியத் தந்தைக்குப் பிறந்த மேனி மல்ஹோத்ரா 2000 ஆம் ஆண்டு கனடாவின் ஜூனியர் அணிக்கே கேப்டனாக இருந்தார், 2008 முதல் அங்கே ஐஸ் ஹாக்கிக்குப் பஞ்சாபி நேர்முக வர்ணனையும் வருகிறது. அது ஒரு தலைமுறை குடியேறி வேர்விட்ட பிறகு விளைந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பி அதைச் சுருக்கிவிட முடியாது.

இதுவரை எழுதியதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவது என் கணிப்பு, தவறலாம். 2033 ஜனவரியில் உச்சிப் படியில் இந்தியா இருக்காது. இதைக் கணிப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மேலே போட்ட கணக்கே அதைச் சொல்லிவிட்டது. அடிப்படியில் ஓர் இந்திய ஜூனியர் அணி அதற்குள் கால் வைக்குமா என்றால், டேராடூன் தளம் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஓடினால், லடாக்கில் ஒரு நல்ல உள்ளரங்கத் தளம் ஆண்டு முழுவதும் இயங்கினால், வைக்கலாம் என்று நம்புகிறேன். ஆசிய அளவிலான இளையோர் போட்டிகளில் இந்தியச் சட்டை அணியும் வாய்ப்பு உங்கள் மகனுக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டைக்காக அவன் போட்டியிட வேண்டியது குளத்து ஐஸில் வளர்ந்த லே பையன்களோடு. சமவெளியிலிருந்து வரும் அணிகளில் பலரும் சக்கரத்திலிருந்து மாறியவர்கள். அவர்கள் தேசிய அளவிலான போட்டியில் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன், லடாக் அணிகளோடும் ராணுவம், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை அணிகளோடும் ஆடி 15–0 என்று தோற்பதையும் பார்த்திருக்கிறேன். தோற்றுவிட்டு அடுத்த ஆண்டும் வருகிறவர்கள்தான் இந்த விளையாட்டில் நிற்கிறார்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். இரண்டு பிள்ளைகளில் இந்திய அணிக்கு அருகில் இருப்பவள் உங்கள் மகள் என்பது என் எண்ணம். இந்திய மகளிர் அணி முதன்முதலில் சர்வதேசப் போட்டியில் ஆடியது 2016 இல். முதல் வெற்றி 2017 இல், பிலிப்பைன்ஸுக்கு எதிராக. 2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம். ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம். பெண்களுக்கான பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியே 2008 இல்தான் தொடங்கியது. ஆண்கள் ஏணியைப் போல அரை நூற்றாண்டுப் பழைமை அதற்கில்லை, உச்சிக்கும் அடிக்கும் நடுவில் கூட்டமும் அவ்வளவு இல்லை. மகளிர் ஆட்டத்தில் உடல் மோதலுக்கு இருக்கும் கட்டுப்பாடு சக்கரத்திலிருந்து வருபவருக்குச் சாதகம். ஒன்பது வயது என்பது ஐஸைத் தொட இங்கே மிக நல்ல வயது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவளைத் துணைக்கு அழைத்துச் செல்லாமல், அவளுக்கும் தனியாக நேரம் வாங்குங்கள்.

ஆகவே, கேட்டது பணமும் காலமும் போடலாமா நிறுத்தலாமா என்பதானால்: ஓராண்டுக்குப் போடுங்கள். இன்லைன் ஹாக்கியை நிறுத்த வேண்டாம், இப்போதிருக்கும் கோச்சையும் மாற்ற வேண்டாம். வாரத்தில் ஒரு காலை குருகிராம், குளிர்கால விடுமுறையில் பத்து நாள் லே. முழு உபகரணத்தையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள், வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் எல்லாமே சிறியதாகிவிடும். தலைக்கவசம், முகக்கூண்டு, கழுத்துக் காப்பு, கையுறை ஆகியவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். முழங்கால், இடுப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்காமல் விளையாட்டு மருத்துவரைக் கேளுங்கள். முதல் நாள் வாடகை ஸ்கேட் எடுக்கும்போது வழக்கமான ஷூவைவிட ஓர் எண் சிறியதாகக் கேளுங்கள். மெல்லிய காலுறை ஒன்று போதும். ஸ்கேட் கைக்கு வந்ததும் பிளேடின் விளிம்பின் மீது கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்திலிருந்து மெல்லிய சீவல் வந்தால் கட்டிவிடலாம். வராவிட்டால் சாணை மழுங்கியிருக்கிறது, வேறு ஜோடி கேளுங்கள்.